கனிஷ்கா மாதிரியே

திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க சார். பின்னாடி கைக்குழந்தை எதுவும் இல்ல. அழுதது நான்தான்.

கோவிச்சுக்காதீங்க. திருச்சி பஸ் ஸ்டாண்டுல சாயங்காலம் திண்டுக்கல் வண்டில சீட்டு புடிக்கணும்னா வேற என்ன பண்றது? படிக்கட்டுல நின்னுட்டு வீல்னு ஒரு பச்சப்புள்ள அழுகை. அவ்வளவுதான். 'கைக்குழந்தைக்காரங்க ஏறுறாங்க, வழிய விடுங்கய்யா'ன்னு ஆளாளுக்கு ஒதுங்குனாங்க பாருங்க, அந்த எடவெளியில என் பொண்ண உள்ள தள்ளி விட்டுட்டேன். நீங்கதான் நல்ல மனுசன், நகந்து உக்காந்தீங்க. குழந்தை எங்கன்னு இன்னமும் தேடுறீங்களே, அதான் பாவமா இருந்துச்சு, சொல்லிட்டேன்.

நான் மிமிக்ரி தவமணி. வடமதுரை. கேள்விப்பட்டதில்லையா? பரவால்ல சார், திண்டுக்கல் தாண்டுனா எனக்கே என்னைத் தெரியாது. ஆனா அய்யலூர், வேடசந்தூர், நத்தம் பக்கம் வந்து கேளுங்க. கோயில் திருவிழான்னா கரகாட்டம் முடிஞ்சதும் நான்தான். தகரக் கூரைல மழை, சூடு புடிக்காத புல்லட்டு, பல்லு கட்டாத தாசில்தார். மனுசன், மாடு, மோட்டாரு, எதக் குடுத்தாலும் பண்ணுவேன்.

ஜன்னலோரத்துல இருக்கறது என் பொண்ணு. கனிஷ்கா. ஆறாவது படிக்கிறா. நீங்க பேரக் கேட்டா அவ சொல்றதுக்குள்ள மணப்பாறை வந்துரும், அதான் நானே சொல்லிட்டேன். திக்குவாய் சார். அவ முன்னாடியே சொல்றேனேன்னு பாக்காதீங்க. அவளுக்குத் தெரியாததா.

மடில என்னன்னா கேக்கறீங்க? லட்டு, மிச்சர் பொட்டலம். கல்யாணத்துக்குப் போயிட்டு வரல. வைவாவுக்குப் போயிட்டு வர்றோம். பிஎச்.டி வைவா. நீங்க பாத்திருக்கீங்களா? நான் இன்னிக்குத்தான் மொதத் தடவ. கல்யாணம் மாதிரியேதான் சார் இருக்கு. பொண்ணு பட்டுப் புடவை கட்டிட்டு மேடையில நிக்குது, சொந்தபந்தம் எல்லாம் வரிசையா உக்காந்திருக்கு, வாசல்ல சந்தனம் கல்கண்டு. மாப்பிள்ளை மட்டும்தான் இல்ல. அதுக்குப் பதிலா வெளியூர்லருந்து ஒரு எக்ஸாமினர் வந்து உக்காந்து கேள்வி கேக்கறாரு. அவரு கேட்டு முடிச்சதும், வந்திருக்கற யாரு வேணும்னாலும் கேள்வி கேக்கலாமாம். பொது வைவாவாம். அப்பறம் கைதட்டு, 'இன்று முதல் டாக்டர்'னு ஒரு வார்த்தை, லட்டு. முடிஞ்சுது.

இன்னிக்கு லட்டு மட்டும்தான் குடுத்தாங்க.

அதான் சார் என் வயித்தெரிச்சல். ஜெயிக்கிற நேரத்துல, பட்டம் வாங்க நின்ன அந்தம்மாவே மைக்கப் புடிச்சு, அத்தன பேரு முன்னாடி, 'என் ரிசல்ட் தப்பு'ன்னு சொல்லிருச்சு. யாரும் கேக்கல, அதுவா சொல்லிருச்சு. அதோட விட்டுச்சா? நான் ராப்பகலா தொண்டைத் தண்ணி வத்தக் குடுத்ததெல்லாம் தப்புன்னு அர்த்தம் வருதா இல்லையா? நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

போன வருசம் சார். கனி அப்ப அஞ்சாவது. எங்க ஊரு யூனியன் பள்ளிக்கூடத்துக்கு அந்த மேடம் வந்துச்சு. பெனிட்டா மேடம். திருச்சிக்காரப் பொண்ணு, முதுகுல பை, கையில டேப், அதான் சிலேட்டு மாதிரி தொடுற கம்ப்யூட்டரு. நான் அன்னிக்கு ஆண்டு விழாவுல ஐட்டம் பண்றது பத்திப் பேச ஹெட்மாஸ்டரப் பாக்கப் போயிருந்தேன். இந்தப் பொண்ணு என்னைப் பாத்து மொத வார்த்தையே 'அங்கிள்'னுச்சு. காலைலதான் மீசைக்கு டை அடிச்சுட்டுப் போயிருந்தேன்.

என்ன ஆராய்ச்சின்னு கேட்டேன். அப்ப அது சொன்னத அப்படியே சொல்றேன், கேளுங்க. இதான் அது குரல்: 'அங்கிள், வசதியான வீட்டுப் பிள்ளைங்க படிக்கறப்ப பக்கத்துல யாராவது உக்காந்து கேப்பாங்க. அம்மா கேப்பாங்க, டியூஷன் மிஸ் கேப்பாங்க. மத்த பிள்ளைங்க வாசிக்கிறத யாரு கேக்கறாங்க? அதுக்குத்தான் இந்த ஏஐ. பொறுமையா கேக்கும். எத்தன தடவ வாசிச்சாலும் சலிக்காது. ஆனா இதுலயும் ஒரு அநியாயம் இருக்கு அங்கிள். சரளமா பேசுற பிள்ளைங்க வாசிக்கிறதத்தான் இது நல்லாக் கேக்குது. தடுமாறிப் பேசுற பிள்ளைங்கள இது கண்டுக்கவே மாட்டேங்குது. எல்லாப் பிள்ளையையும் ஒரே மாதிரி கேக்க வைக்கணும். அதான் என் ரிசர்ச்.'

பாத்தீங்களா, கடைசி வார்த்தைல ஒரு சின்ன மூச்சு விடும். அது வரைக்கும் புடிச்சிருக்கேன்.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு சார். அப்படி ஒரு பொண்ணு நம்ம ஊருக்கு வந்து நம்ம புள்ளைக்காகப் பேசுது. 'என் பொண்ணு இங்கதான் மேடம் இருக்கா, உங்களுக்குத் தேவையான புள்ள அவதான்'னு நானே போய்க் கூட்டிட்டு வந்தேன்.

டேப்புல ஒரு வரி வந்துச்சு. 'கடலில் பெரிய அலை வந்தது.' சரியா வாசிச்சா வார்த்தை ஒவ்வொண்ணாப் பச்சையா மாறும். தப்புன்னா சிவப்பு. அது பேசுற குரல் இருக்கே, 'மிகவும் நன்று, அடுத்த வரிக்குப் போகலாமா?' அது யாரும் பேசிப் பதிஞ்சது இல்லையாம், மெஷினே செஞ்ச குரலாம். மெஷினயே மிமிக்ரி பண்ண மொத ஆளு நான்தான்னு நெனைக்கிறேன்.

கனி உக்காந்தா. வாயத் தொறந்தா.

இவ திக்குறது எப்படின்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. சத்தமே வராது சார். வாய் தொறந்திருக்கும். கழுத்து நரம்பு கூட தெரியும். கண்ணு மெல்ல ஒரு பக்கமா இழுக்கும். உள்ளேருந்து யாரோ கதவத் தாப்பா போட்டுட்டு நிக்கிற மாதிரி. பாக்கறவங்களுக்கு மூச்சு முட்டும். அப்பறம் திடீர்னு தாப்பா வெலகும், முழு வார்த்தையும் வந்து விழும். சுத்தமா, தெளிவா, ஒரு பிசிறு இருக்காது.

மெஷின் என்ன பண்ணுச்சு? இவ வாயத் தொறந்துட்டு இருக்கா, அதுக்கு ஒண்ணும் கேக்கல. யாரும் பேசலன்னு நெனச்சுக்கிச்சு. 'பரவாயில்லை, மீண்டும் முயற்சி செய்.' இவ மறுபடி தொறந்தா. சரியா வார்த்தை நுனிக்கு வர்ற நேரம், 'பரவாயில்லை, மீண்டும் முயற்சி செய்.' ஒவ்வொரு தடவையும் வார்த்தை வர்ற நேரம் பாத்துக் குறுக்க விழுந்துச்சு சார். எனக்கு வந்த கோவத்துக்கு அந்த டேப்பத் தூக்கி எறிஞ்சிருப்பேன். ஒரு புள்ள வாயத் தொறந்து நிக்குது, செத்த பொறுக்கணும்ல? அந்த மெஷினுக்கு டைமிங்கே கிடையாது.

கனி எந்திரிச்சு ஓடிட்டா. மேடம் மூஞ்சி சுருங்கிப்போச்சு. 'எல்லா ஸ்கூல்லயும் இதான் அங்கிள் நடக்குது. இந்தப் பிள்ளைங்க குரல் நெறைய இருந்தாத்தான் இதுக்குப் பழக்கி விட முடியும். ஆனா புது ஆளப் பாத்தா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க'ன்னுச்சு.

எனக்கு மனசு கேக்கல. 'விடுங்க மேடம், அவ எப்படிப் பேசுவான்னு நான் பேசிக் காட்டறேன்'னு டேப்ப இழுத்து வச்சேன். 'க... க... க... கடலில் பெ... பெ... பெ... பெரிய அலை.' அச்சு அசல் கனிஷ்கா குரல்.

மெஷின் பச்சை காட்டிருச்சு சார். 'மிகவும் நன்று.'

மேடம் அப்படியே எந்திரிச்சு நின்னுட்டாங்க.

அது என் ஹிட் ஐட்டம், சொல்லலையே உங்ககிட்ட. 'திக்குவாய்ப் பொண்ணு கடைக்குப் போனா'. இவ ரெண்டாவது படிக்கிறப்ப ஆரம்பிச்சது. எந்த ஊரு மேடையா இருந்தாலும் அதுக்குத்தான் ஒன்ஸ்மோர். நீங்க இப்பக் கேக்கப் போற கேள்வி தெரியும், இவ திக்குறது வேற மாதிரின்னு சொன்னீங்களேம்பீங்க. ஆமா. அத உள்ளபடி பண்ணா மைக்குல சத்தமே வராது. சத்தம் வரலன்னா சவுண்டு சர்வீஸ்காரன் வயர ஆட்டிப் பாப்பான், கூட்டம் எந்திரிச்சு பஜ்ஜி வாங்கப் போயிரும். அதனால நான் கொஞ்சம் சத்தம் சேத்தேன். மூணு தட்டு, நாலாவதுல வார்த்தை. க, க, க, டப்புன்னு கடல். அந்த நாலாவதுலதான் சிரிப்பு விழும். தாளம் சார், எல்லாம் தாளம்.

எங்க வீட்டுல அந்த ஐட்டம் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிரும். முருகேஸ்வரி, என் சம்சாரம். அதுக்குக் கலையில அவ்வளவா ரசனை இல்ல. கனி அப்படி இல்ல, சின்னதுல மொத வரிசைல உக்காந்து என் வாயவே பாத்துட்டு இருப்பா. இப்பல்லாம் திருவிழாவுக்கு வர்றதில்ல. கேட்டா பரீட்சைங்கறா. ஆடி மாசத்துல என்ன பரீட்சையோ.

சரி, விசயத்துக்கு வர்றேன். மேடம் ரெண்டு நாளு யோசிச்சாங்க. அப்பறம் போன் பண்ணி, 'அங்கிள், இது சரியான்னு எனக்கே தெரியல. ஆனா எனக்கு டைம் இல்ல. கைடு வேற நெருக்குறாரு. இப்போதைக்கு உங்க குரல வச்சு இதப் பழக்கிக்கறேன். பின்னாடி நெஜப் பிள்ளைங்க குரல் கெடைக்க கெடைக்கச் சேத்துக்கலாம்'னாங்க. வெவ்வேற புள்ள மாதிரி பேசித் தரணும். பையன், பொண்ணு, எங்க தெரு பீடிச்சாமி பேரன், பரமன் மக, சளி புடிச்ச புள்ள, பல்லு விழுந்த புள்ள.

ஹெட்மாஸ்டர் ரூம்ல ஃபேன நிறுத்திட்டு உக்காந்து பேசுனேன் சார். வேர்வை ஒழுகும். ஒவ்வொரு சனிக்கெழமையும். யாரு யாரு மாதிரியோ பேசுனேன், ஆனா உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, உள்ளுக்குள்ள எல்லாம் கனிதான். சட்டைய மட்டும் மாத்தி மாத்திப் போட்டு விட்டேன். அத்தனைக்கும் அதே மூணு தட்டு.

மெஷின் அப்படிப் பழகிருச்சு. நான் எவ்வளவு திக்குனாலும் காத்துட்டு இருக்கும். ஒரு தாய் மாதிரி. 'மிகவும் நன்று.' என் கூடப் பொறந்தவன் கூட அவ்வளவு பொறுமையா என் பேச்சக் கேட்டதில்ல.

நெஜப் பிள்ளைங்க குரலா? வரல. யாரும் போய்க் கேக்கல போல. கேக்க நேரமில்ல.

அப்பறம் ஒருநா மேடம் கனிய மறுபடி உக்கார வச்சாங்க. எனக்கு ஒரே பெருமை, அப்பன் பழக்கி வச்ச மெஷின்ல மக வாசிக்கப் போறா. இவ வாயத் தொறந்தா. சத்தம் இல்ல. கழுத்து நரம்பு. கண்ணு இழுத்துச்சு. மெஷின், 'பரவாயில்லை, மீண்டும் முயற்சி செய்.'

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. 'ஏன்டி, அப்பா உன்ன மாதிரி பேசுனா கேக்குது, நீ உன்ன மாதிரி பேசுனா கேக்கலையே, ஒழுங்காப் பேசுடி'ன்னேன். மேடம் சங்கடப்பட்டு, நான் பேசுனதுல ஒண்ண எடுத்துப் போட்டு விட்டாங்க, மெஷின் எப்படிக் கேக்குதுன்னு புள்ளைக்குக் காட்ட. க... க... க... கடலில். கனி அதையே பாத்துட்டு இருந்தா. அப்பறம் ரொம்ப நேரம் எடுத்து, 'இது யாரு?'ன்னா.

மேடம் ரெக்கார்ட அமத்துனாங்க. நான்தான், 'நீதான்டி கழுத'ன்னேன்.

டேப்பு ஒண்ண வீட்டுக்குக் குடுத்து விட்டாங்க, பழகிக்கட்டும்னு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவச் சாத்திட்டு உக்காந்துருவா. என்னமோ முணுமுணுன்னு கேக்கும். ஒரு நாளு நான் வாசல்ல வண்டி தொடைச்சுட்டு இருக்கேன், உள்ள நான் பேசுற சத்தம் கேக்குது. நான் இங்க நிக்கிறேன், என் குரல் உள்ள இருக்கு. தூக்கி வாரிப் போட்டுருச்சு. ரெக்கார்டப் போட்டிருக்கான்னு கதவத் தொறந்து பாக்கறேன், ரெக்கார்டு இல்ல. இவதான். 'க... க... க... கடலில் பெ... பெ... பெ... பெரிய.' அதே மூணு தட்டு. நாலாவதுல வார்த்தை. கண்ணு கூட இழுக்கல. டேப்பு முழுக்கப் பச்சைப் பசேல்னு. 'மிகவும் நன்று. மிகவும் நன்று.'

அப்படியே தூக்கிச் சுத்துனேன் சார் இவள. எனக்குன்னு ஒரு வாரிசு வந்துருச்சுன்னு. யாரும் சொல்லித் தரல, தானாப் புடிச்சிருக்கு பாருங்க, ரத்தம். தெருவுக்கே மிட்டாய் குடுத்தேன்.

முருகேஸ்வரி மட்டும் அடுப்படில உக்காந்து அழுதுட்டு இருக்கு. ஏன்டி அழுகறங்கறேன். 'அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்'னுச்சு. என்னத்த ஒண்ணு? திக்குறதா? அது போனா நல்லதுதானங்கறேன். வெறிச்சுப் பாத்துச்சு. பொம்பளைங்க எதுக்கு அழுவாங்கன்னு கண்டுபுடிக்க இன்னொரு பிஎச்.டி பண்ணனும்.

போயிருச்சான்னா, போகல. பள்ளிக்கூடத்துல இப்ப இவ என் மாதிரிதான் திக்குறா. டீச்சர் கேள்வி கேட்டா மூணு தட்டு, வார்த்தை. முன்ன இவ வாயத் தொறந்துட்டு நின்னா கிளாஸ்ல புள்ளைங்க சும்மா இருப்பாங்களாம், இவ சொல்லட்டும்னு. இப்ப சிரிக்கிறாங்களாம். ஹெட்மாஸ்டர் வருத்தமா சொன்னாரு. நான் சொன்னேன், சார், சிரிப்பு வருதுன்னா டைமிங் சரியா இருக்குன்னு அர்த்தம். ஆறாவது படிக்கிற புள்ளைக்கு அது வர்றது லேசுப்பட்ட விசயமா?

வீட்டுல என்கிட்ட அதிகமாப் பேசறதில்ல. அடுப்படில அவங்கம்மாகிட்ட மட்டும்தான் பழைய மாதிரி. வெளில நின்னா ரொம்ப நேரம் ஒண்ணுமே கேக்காது, ரெண்டு பேரும் தூங்கிட்டாங்களோன்னு இருக்கும். அப்பறம் ஒரு வார்த்தை கேக்கும். நான் தண்ணி குடிக்க உள்ள போனா அதுவும் நின்னுரும்.

இன்னிக்கு வைவா. மேடம் போன் பண்ணிக் கூப்பிட்டிருந்தாங்க, 'அங்கிள், நீங்க இல்லாம இது இல்ல, கண்டிப்பா வரணும்'னு. கனிக்குத் தீபாவளிக்கு எடுத்த கவுனு, எனக்கு மேடை சில்க் ஜிப்பா. மொத வரிசைல உக்காந்தோம். மேடம் மாம்பழக் கலர் பட்டு. திரையில கோடு ஏறுது, எறங்குது. 'தடுமாறிப் பேசும் குழந்தைகளின் குரலை இந்த மாடல் முன்னைவிடப் பல மடங்கு நன்றாகப் புரிந்துகொள்கிறது'ன்னாங்க. கைடு மூஞ்சில பெருமை. எனக்கும்தான்.

வெளியூர் எக்ஸாமினர் ஒருத்தர். மூக்காலயே பேசுவாரு. 'எல்லாஞ்சரிம்மா, நீங்க குடுத்தது பூரா ஒரு ஆர்ட்டிஸ்ட் பேசுன குரல்னு எழுதியிருக்கீங்க. நெஜமாவே திக்குற ஒரு குழந்தைய வாசிக்க விட்டுப் பாத்தீங்களா?'

மேடம் தயங்குனாங்க. 'ஒரு குழந்தைய... இன்னும் முழுசா...'ன்னு இழுத்தாங்க. நான் விடுவனா? எந்திரிச்சு, 'ஐயா, குழந்தை இங்கயே இருக்கு'ன்னு கனியக் கையப் புடிச்சு மேடையில ஏத்தி விட்டுட்டுக் கீழ வந்து நின்னுட்டேன். மேடம் வேண்டாம்னு தலையாட்டுச்சு. அது பயம்னு நெனச்சேன்.

வாசிச்சா சார். மைக்குல. மூணு தட்டு, வார்த்தை, மூணு தட்டு, வார்த்தை. திரையில ஒவ்வொண்ணாப் பச்சை. கூட்டத்துல மொதல்ல ஒரு சின்ன சிரிப்பு. தப்பா இல்ல, தானா வர்ற சிரிப்பு. அப்பறம் கைதட்டு. எக்ஸாமினரே தட்டுனாரு. எனக்கு நெஞ்சு நெறஞ்சிருச்சு. ஒரே ஐட்டத்துல அப்பனும் மகளும்.

தட்டாத ஆளு மேடம் ஒண்ணுதான். திரையப் பாக்கல. கனியவே பாத்துட்டு இருந்துச்சு. மெல்ல வந்து, பட்டுப் புடவையோட தரையில முட்டி போட்டு, மெஷின அமத்திட்டு, 'கனி, இப்பப் பேசுனது யாரு?'ன்னு கேட்டுச்சு.

கனி வாயத் தொறந்தா.

மூணு தட்டு இல்ல சார். பழைய மாதிரி. சத்தம் இல்ல. கழுத்து நரம்பு. கண்ணு ஒரு பக்கமா. இவ்வளவு நேரம் நல்லாப் பண்ணிட்டு இப்ப சொதப்புறாளே. அந்தம்மா அசையல. முட்டி போட்டபடியே இருக்கு. எக்ஸாமினர் பேனாவ வச்சுட்டாரு. ஒரு ஆளு இருமல. மேடையில அவ்வளவு நேரம் சும்மா விடுவாங்களா சார்? முப்பது வருசமா மேடை ஏறுறவன் நான், அந்த மாதிரி ஒரு அமைதிய நான் பாத்ததே இல்ல. புள்ள தவிக்குது, கூட்டம் பாக்குது, பெத்தவன் என்ன பண்ணுவான்? கீழேருந்து எடுத்துக் குடுத்தேன், அவ குரல்லயே: 'நா... நா... நா... நான்தான் மேடம்.'

கொல்லுனு சிரிச்சாங்க. சரியான நேரம் சார் அது. ஒரு நொடி முன்ன பின்ன போயிருந்தா விழுந்திருக்காது.

கனி வாய மூடிட்டா.

அந்தம்மா எந்திரிச்சு என்னைப் பாத்துச்சு பாருங்க. 'வார்த்தை வந்துட்டு இருந்துச்சு அங்கிள்'னுச்சு. மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி. வந்துட்டு இருந்துச்சாம். என் பொண்ணு சார். எனக்குத் தெரியாதா, வருமா வராதான்னு?

அப்பறம்தான் மைக்கப் புடிச்சுச்சு. 'என் ரிசல்ட் தப்பு. இந்த மெஷின் இந்தக் குழந்தைய இன்னும் கேக்கல. மெஷினுக்குப் புரியணும்னு இந்தக் குழந்தை தன்ன மாத்திக்கிட்டா. சமமா கேக்க வைக்கிறேன்னு வந்து, அவகிட்ட இருந்ததையும் நான் எடுத்துட்டேன். இதுக்கு எனக்குப் பட்டம் வேண்டாம்.' கைடு, 'பெனிட்டா, உணர்ச்சிவசப்படாதம்மா, உக்காரும்மா'ங்கறாரு. உக்காரல. கண்ணத் தொடச்சுட்டு நின்னுட்டே இருந்துச்சு. மறுபடி மொதல்லேருந்து பண்ணட்டும்னு எழுதிக் குடுத்துட்டு எக்ஸாமினர் ரயிலுக்குப் போயிட்டாரு. மேடத்தோட அப்பா அம்மா சந்தனக் கிண்ணத்த எடுத்து உள்ள வச்சாங்க. லட்ட எல்லாரும் தலையக் குனிஞ்சுட்டே வாங்கிட்டுப் போனாங்க, எழவு வீட்டுக் காபி மாதிரி.

மேடம் கேட் வரைக்கும் வந்துச்சு. கனிகிட்ட குனிஞ்சு, 'நான் மறுபடி வருவேன். டேப் இல்லாம வருவேன். நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாலும் உக்காந்திருப்பேன்'னுச்சு. அது சரி, நல்ல பொண்ணு. என்கிட்ட திரும்பி என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அங்கிள், அந்த ஐட்டத்த விட்டுருங்க.'

அதத் தாங்கத்தான் முடியல. என் ஹிட் ஐட்டம் சார். அந்தம்மா பட்டத்த விட்டா நானும் என்னுதை விடணுமா? வர்ற பங்குனிக்கு நத்தத்துல கேட்டிருக்காங்க. இப்ப இவளையும் சேத்து, அப்பனும் மகளும்னு நோட்டீஸ் போடலாம்னு வேற யோசிச்சு வச்சிருந்தேன்.

இவளும் பஸ் ஸ்டாண்டுலருந்து ஒரு வார்த்தை பேசல. என் மாதிரியும் இல்ல, அவ மாதிரியும் இல்ல. லட்டு தின்னுடின்னா, பொட்டலத்த என் மடில வச்சுட்டா. பாத்தீங்கள்ல, ஜன்னலத்தான் பாக்கறா. ஏமாத்தம் சார். பரிசு, சால்வைன்னு ஏதாச்சும் குடுப்பாங்கன்னு நெனச்சிருப்பா, சின்னப் புள்ளதான.

என்ன சார்? அவகிட்டயா கேக்கறீங்க? கேளுங்க, கேளுங்க. கனி, சார் கேக்கறாரு பாரு. அந்த மேடம்கிட்ட என்ன சொல்ல வந்தன்னு கேக்கறாரு.

பாருங்க, திரும்பிட்டா. உங்களப் பாக்கறா. ஆச்சரியம்தான், வெளியாளுங்கள ஏறெடுத்துப் பாக்க மாட்டா.

வாயத் தொறந்துட்டா.

அவ்வளவுதான் சார், இனி இப்படியேதான் இருப்பா. நீங்க வேற கண்ணெடுக்காம பாத்துட்டு இருக்கீங்களே. முறுக்கு விக்கிறவன் ஏறிட்டான், மணப்பாறை வந்துருச்சு. உங்களுக்குக் கழுத்து வலிக்கப் போகுது சார். எனக்கே என்னமோ பண்ணுது. விடுங்க, புள்ள தவிக்குது பாருங்க, அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும், நானே சொல்லிடறேன்.

ஏய், என்னடி, கைய எடு. சார், என் வாயப் பொத்துறா பாருங்க. வெளையாட்டு. அப்பன்னா அவ்வளவு பாசம். கை ஏன்டி இப்படி சில்லுனு இருக்கு, குளுருதா? ஜன்னல மூடு. கையக் குடு, அப்பா புடிச்சுக்கறேன். ஆங். இப்பக் கேளுங்க சார்.

'நா... நா... நா... நான்தான் அங்கிள்.'

என்ன சார், சிரிக்க மாட்டேங்கறீங்க. இந்த எடத்துல எல்லாரும் சிரிப்பாங்களே.